பச்சையாக ஒளிரும் ஆட்டு ஆன்டிபாடி: ஒரு புட்டியின் லேபிளை வாசிப்போம்

சிங்கப்பூரின் புவன விஸ்தா பக்கம் பயோபோலிஸ் ஆராய்ச்சி வளாகத்தில் உள்ள ஒரு நோயெதிர்ப்பியல் ஆய்வகத்தின் குளிர்ப்பெட்டியைத் திறந்தால், கதவுத் தட்டில் குட்டிக் குட்டியாகப் பழுப்பு நிறப் புட்டிகள் அலுமினியத் தாள் சுற்றிக் கிடக்கும். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் லேபிளில் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "கோட் ஆன்டி-ஹியூமன் ஐஜிஜி, எச் பிளஸ் எல், எஃப்ஐடிசி. கிராஸ்-அட்சார்ப்டு. ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்." அட்டாச்மென்டுக்கு, அதாவது வேலைப் பயிற்சிக்கு, வரும் பாலிடெக்னிக் மாணவர்கள் முதல் வாரமே இந்தப் புட்டியைக் கையில் எடுத்துவிடுவார்கள். இது எதற்கு என்று கேட்டால், "கடைசி ஸ்டெப்ல ஊத்துறது, அக்கா" என்பார்கள். தப்பில்லை, கடைசியில்தான் ஊற்றுகிறோம். ஆனால் ஊற்றுவது என்னவென்று தெரியாமல் ஊற்றினால், நுண்ணோக்கியில் தெரியும் பச்சையை எப்படி வேண்டுமானாலும் படித்துவிடலாம். அதுதான் ஆபத்து.

இந்தப் புட்டிக்கு டெங்கி தெரியாது, கொவிட் தெரியாது, லூபஸ் தெரியாது. அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "இங்கே மனித ஐஜிஜி ஒட்டியிருக்கிறதா?" ஒட்டியிருந்தால் அங்கே போய் உட்கார்ந்து ஒளிரும். அந்த ஒளிக்கு என்ன பொருள் என்பதை ஆய்வு செய்கிற நாம்தான் முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைக்க வேண்டும். லேபிளில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வரிசை கொஞ்சம் முன்பின் ஆகும், பரவாயில்லை.

ஐஜிஜி என்பது யார்?

ஆன்டிபாடி, தமிழில் எதிர்ப்பொருள், ஒரு புரதம். இம்யூனோகுளோபுலின் என்றாலும் அதுவேதான். ஐஜி என்பது அதன் சுருக்கம். கவட்டை வடிவத்தில் இருக்கும். இரண்டு கனச் சங்கிலிகள், இரண்டு இலேசுச் சங்கிலிகள், மொத்தம் சுமார் 1,50,000 டால்டன் எடை. இந்த அமைப்பைக் கண்டறிந்ததற்காக ஜெரால்ட் எடெல்மனும் ராட்னி போர்ட்டரும் 1972-இல் நோபெல் பரிசு பெற்றார்கள்.

கவட்டையின் இரண்டு கைகளின் நுனிதான் கிருமியைப் பிடிக்கும் இடம். டெங்கிக்கு எதிரான ஆன்டிபாடியின் நுனி ஒரு மாதிரி, சின்னம்மைக்கு எதிரானதன் நுனி வேறு மாதிரி. ஒருவர் உடலில் கோடிக்கணக்கான வகை நுனிகள் இருக்கலாம். ஆனால் அடிப்பகுதி அப்படியில்லை. ஐஜிஜி என்றால் யாருடைய ரத்தத்தில் எடுத்தாலும் அடிப்பகுதி கிட்டத்தட்ட ஒன்றுதான். சாலையில் போகும் உணவு விநியோக ஓட்டுநர்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பையில் பிரியாணி, இன்னொருவர் பையில் லக்சா. உள்ளே என்ன என்று வெளியிலிருந்து தெரியாது. முதுகில் உள்ள சட்டையைப் பார்த்தால் எந்த நிறுவனம் என்று மட்டும் தெரிந்துவிடும். நம் புட்டி பார்ப்பது சட்டையை.

மனிதரிடம் இப்படி ஐந்து வகைகள் உண்டு: ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம், ஐஜிடி, ஐஜிஇ. வகையைத் தீர்மானிப்பது கனச் சங்கிலி. காமா சங்கிலி என்றால் ஐஜிஜி, ஆல்ஃபா என்றால் ஐஜிஏ, மியூ என்றால் ஐஜிஎம். அளவில் பெரிய ஏற்றத்தாழ்வு உண்டு. ஒரு மில்லிலிட்டர் சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், ஐஜிஜி ஏறக்குறைய 10 மில்லிகிராம் இருக்கும். சீரத்தின் இம்யூனோகுளோபுலின்களில் முக்கால் பங்கு அதுதான். ஒவ்வாமையோடு தொடர்புடைய ஐஜிஇயோ நானோகிராம் கணக்கில்தான் இருக்கும். புதிதாக ஒரு கிருமி வந்தால் முதலில் எழும்புவது ஐஜிஎம். அது ஐந்து கவட்டைகள் சேர்ந்த பெரிய மூலக்கூறு. உமிழ்நீர், கண்ணீர், தாய்ப்பால், குடல் ஆகிய இடங்களில் ஐஜிஏவின் ஆட்சி.

இலேசுச் சங்கிலி விஷயத்தில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் காப்பா, லாம்ப்டா என இரண்டே வகைதான். அந்த இரண்டையும் ஐந்து வகுப்புகளும் பொதுவாகப் பயன்படுத்துகின்றன. பிறகு இதனால் ஒரு சிக்கல் வரப்போகிறது.

ஆடு எங்கிருந்து வந்தது?

"மனுஷ ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்க ஆட்டை ஏன் இழுக்கணும்?" இது மாணவர்கள் கட்டாயம் கேட்கும் கேள்வி, நல்ல கேள்வியும்கூட. பதில் எளிது. மனித ஐஜிஜியை எடுத்து ஆட்டுக்கு ஊசி போட்டால், ஆட்டின் உடலுக்கு அது வெளியாள். அதற்கு எதிராக ஆடு தன் ஆன்டிபாடிகளை உருவாக்கும். சில வாரங்களில், மறுஊசிகளுக்குப் பிறகு, ஆட்டின் ரத்தத்தில் மனித ஐஜிஜியைப் பிடிக்கும் ஆன்டிபாடி ஏராளமாக இருக்கும். ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. அவ்வப்போது ரத்தம் எடுப்பார்கள். உருவத்தில் பெரிய விலங்கு என்பதால் ஒரு தடவைக்கு நிறையக் கிடைக்கும். முயல், கழுதை, செம்மறியாடு, எலி இவற்றிலும் செய்கிறார்கள். லேபிளின் முதல் சொல் அந்த விலங்கைத்தான் சொல்கிறது.

எடுத்த சீரத்தை அப்படியே புட்டியில் அடைப்பதில்லை. ஆடு தன் வாழ்நாளில் சந்தித்த புல், பூச்சி, கிருமி எல்லாவற்றுக்கும் எதிரான ஆன்டிபாடிகளும் அதில் இருக்குமே! அதனால் மனித ஐஜிஜி ஒட்டிய மணிகள் நிரப்பிய ஒரு குழாய் வழியாகச் சீரத்தை ஓடவிடுவார்கள். நமக்கு வேண்டியவை மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை வழிந்து போகும். பிறகு அமிலத் தன்மை கொண்ட கரைசலை ஊற்றி, ஒட்டியதைக் கழற்றி எடுப்பார்கள். விலைப் பட்டியலில் "அஃபினிட்டி ப்யூரிஃபைட்" என்று போட்டு விலையைக் கூட்டுவது இதற்காகத்தான். கொடுக்க வேண்டிய விலைதான்.

இப்படிக் கிடைப்பது ஒரே மாதிரியான ஆன்டிபாடி இல்லை. மனித ஐஜிஜியின் பல இடங்களைப் பிடிக்கும் பலவகை ஆன்டிபாடிகளின் கலவை. இதைப் பாலிகுளோனல் என்பார்கள். ஒரே இடத்தை மட்டும் பிடிக்கும் மோனோகுளோனல் வகையை உருவாக்கும் வழியை 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டுபிடித்தார்கள். அதுவும் சந்தையில் உண்டு. ஆனால் இந்த வேலைக்குப் பெரும்பாலும் பாலிகுளோனலே போதும், சில சமயம் அதுவே மேல். ஒரு மனித ஐஜிஜியின் மீது மூன்று நான்கு ஆட்டு ஆன்டிபாடிகள் வெவ்வேறு இடங்களில் உட்காரலாம் இல்லையா? ஒவ்வொன்றிலும் நான்கைந்து சாய மூலக்கூறுகள் இருந்தால், ஒரு மனித ஆன்டிபாடிக்குப் பதினைந்து இருபது விளக்குகள் கிடைத்துவிடும்.

விளக்கு

எஃப்ஐடிசி, ஆய்வகப் பேச்சில் ஃபிட்சி. ஃப்ளோரசீன் என்ற சாயத்தின் ஒரு வடிவம். ஃப்ளோரசீனை 1871-இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் உருவாக்கினார். ஒளிர்வு என்ற நிகழ்வை அதற்கு முன்பே, 1852-இல், கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கியிருந்தார். அவர் சோதித்தவற்றில் ஒன்று குயினின் கரைசல். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர் பட்டதும் அது நீலமாக ஒளிர்ந்தது. கடையில் விற்கும் டானிக் தண்ணீரிலும் குயினின்தான் இருக்கிறது. புறஊதா விளக்கின் கீழே வைத்தால் வீட்டிலேயே பார்க்கலாம்.

நடப்பது இதுதான். சாய மூலக்கூறு ஒளியை விழுங்கும். எலக்ட்ரான் ஒரு படி மேலே ஏறும். சில நானோவினாடிகள் அங்கே இருக்கும்போது கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழக்கும். அப்புறம் இறங்கும்போது மிச்ச ஆற்றலை ஒளியாக வெளிவிடும். இழந்தது போக மிச்சம்தானே வருகிறது? அதனால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் அதிகம். ஃபிட்சிக்கு விழுங்குவது சுமார் 495 நானோமீட்டர், நீலம். வெளிவிடுவது சுமார் 519 நானோமீட்டர், பச்சை. இந்தச் சின்ன இடைவெளிதான் முழு வித்தைக்கும் ஆதாரம். நுண்ணோக்கியில் ஒரு வடிகட்டி நீல ஒளியை மட்டும் உள்ளே அனுப்பும். இன்னொன்று பச்சையை மட்டும் கண்ணுக்கு விடும். நீலம் எவ்வளவு பலமாக அடித்தாலும் கண்ணுக்கு வராது. பின்னணி கன்னங்கரேல் என்றிருக்க, சாயம் இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரியும்.

ஆன்டிபாடியில் சாயத்தைக் கட்டலாம் என்ற யோசனை ஆல்பர்ட் கூன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவருடையது. 1939-இல் பெர்லினில் இருந்தபோது வாதக் காய்ச்சலைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். இதயத் திசுவில் கிருமியின் துணுக்குகள் இருக்கின்றனவா என்று நேரடியாகக் கண்ணால் பார்க்க முடிந்தால்? ஹார்வர்டுக்குத் திரும்பி, க்ரீச், ஜோன்ஸ் என்ற வேதியியலாளர்களோடு சேர்ந்து 1941-இல் நிமோனியா பாக்டீரியாவுக்கு எதிரான ஆன்டிபாடியில் ஆந்த்ரசீன் குடும்பச் சாயம் ஒன்றைக் கட்டினார். ஒளிர்ந்தது, ஆனால் நீலமாக. திசுக்களே இயல்பாகக் கொஞ்சம் நீலமாக ஒளிரும் என்பதால், எது சாயம் எது திசு என்று பிரிப்பது கஷ்டம். அடுத்த ஆண்டே பச்சை ஃப்ளோரசீனுக்கு மாறினார்கள். நாம் இன்றும் பச்சையோடு மல்லுக்கட்டுவதன் பின்னணி இது. அவர்கள் பயன்படுத்திய ஐசோசயனேட் வடிவம் தயாரிக்கச் சிரமமானது, நிலையாகவும் இருக்காது. 1958-இல் ஐசோதயோசயனேட் வடிவம், அதாவது நம் ஃபிட்சி, வந்த பிறகுதான் சாதாரண ஆய்வகங்களுக்கும் இது எட்டியது.

கட்டும் வேதியியல் சிக்கலானது இல்லை. ஆன்டிபாடியில் லைசின் என்ற அமினோ அமிலம் பல இடங்களில் நீட்டிக்கொண்டிருக்கும். பிஎச் 9 அளவில் இருக்கும் கரைசலில் ஃபிட்சி அதோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத சாயத்தை வடிகட்டி நீக்கிவிட வேண்டும். ஒரு ஆன்டிபாடிக்கு மூன்று முதல் ஆறு சாயம் வரை நல்லது. ஆசைப்பட்டு அதிகம் ஏற்றினால் இரண்டு நஷ்டம்: சாயங்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொள்ளும், ஆன்டிபாடியும் கண்ட இடத்தில் ஒட்ட ஆரம்பிக்கும்.

எதற்கு இந்தச் சுற்றுவழி?

டெங்கி ஆன்டிபாடி ஒருவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் இதைவிடப் பழக்கமான உதாரணம் கிடைக்காது. டெங்கிக் கிருமி புகுந்த உயிரணுக்களை ஸ்லைடில் உலர்த்தி நிலைப்படுத்தி வைத்திருப்போம். அதன் மீது நீர்த்த சீரத்தை ஒரு துளி விட்டு, ஈரப்பதமான பெட்டிக்குள் அரை மணி நேரம் வைப்போம். சீரத்தில் டெங்கி ஆன்டிபாடி இருந்தால் கிருமியைப் பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால், பிறகு உப்புக் கரைசலில் மூன்று தடவை கழுவும்போது எல்லாம் போய்விடும். இப்போது ஸ்லைடில் மனித ஆன்டிபாடி இருந்தால் அது டெங்கிக் கிருமி மேல்தான் இருக்க வேண்டும். அடுத்து நம் புட்டி. மறுபடி அரை மணி நேரம், இம்முறை இருட்டில். மறுபடி கழுவல். கவர்ஸ்லிப் போட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், கிருமி புகுந்த உயிரணுக்களின் உட்புறம் பச்சைப் பொடி தூவியது மாதிரி தெரியும். புகாதவை மங்கலான நிழலாக நிற்கும்.

சீரம் கொடுத்த ஒவ்வொருவரின் ஆன்டிபாடியிலும் தனித்தனியாகச் சாயம் கட்டுவது நடக்கிற காரியமா? நூறு பேருக்கும் ஒரே புட்டி போதும் என்பதுதான் இந்தச் சுற்றுவழியின் அழகு. 1954-இல் தாமஸ் வெல்லரும் கூன்ஸும் இதே வழியில்தான் சின்னம்மைக் கிருமியையும் அக்கிக் கிருமியையும் வளர்த்த உயிரணுக்களில் பார்த்தார்கள். சின்னம்மை வந்து குணமானவர்களின் சீரம், அதற்கு மேல் சாயம் கட்டிய மனித-எதிர் ஆன்டிபாடி, அதாவது நம் புட்டியில் இருப்பது போல மனித ஆன்டிபாடியைப் பிடிக்கும் ஆன்டிபாடி. இரண்டு நோய்க்கும் ஒரே கிருமிதான் காரணம் என்ற முடிவுக்கு அந்தப் பச்சை ஒரு பலமான சாட்சி.

சாயம் கட்டாத மனித-எதிர் ஆன்டிபாடிக்கும் வேலை உண்டு. 1945-இல் ராபின் கூம்ஸ் குழு கொண்டுவந்த சோதனை அதை வைத்துச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ரத்த வங்கிகளில் பொருத்தம் பார்க்க இன்றும் அதுதான். மருந்தகத்தில் விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் டெங்கி அட்டைகள் பலவற்றிலும் இதே தத்துவம்தான். அங்கே சாயத்துக்குப் பதில் தங்கத் துகள், அதனால்தான் செங்கோடு.

சட்டை மட்டும் போதும் என்ற இடங்கள்

சில இடங்களில் நோயாளியின் ஆன்டிபாடி ஏற்கெனவே திசுவில் உட்கார்ந்திருக்கும். அங்கே சீரமே வேண்டாம், புட்டி மட்டும் போதும். மிகச் சிறந்த உதாரணம் ஐஜிஏ சிறுநீரக நோய். 1968-இல் பாரிஸில் ஜான் பெர்ஜேவும் நிக்கோல் ஆங்லேயும் சிறுநீரகத் திசுத் துணுக்குகளில் மனித ஐஜிஏவைப் பிடிக்கும் ஒளிரும் ஆன்டிபாடியை விட்டுப் பார்த்தபோது, ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்க் கொத்துகளின் நடுப்பகுதியில் ஐஜிஏ படிந்திருப்பது தெரிந்தது. சாதாரண நுண்ணோக்கியில் அந்தப் படிவு ஐஜிஏ என்று சொல்ல முடியாது. கிழக்காசிய மக்களிடம் அதிகம் காணப்படும் நோய் என்பதால் சிங்கப்பூர் சிறுநீரக மருத்துவர்களுக்கு இது அன்றாட விஷயம். இன்றும் இந்த நோயை உறுதிசெய்ய ஊசியால் எடுத்த திசுவும் ஒளிரும் ஆன்டிபாடியும் வேண்டும். தோலில் கொப்புளம் வரும் பெம்ஃபிகஸ் நோயிலும் அப்படித்தான். தோல் உயிரணுக்களைச் சுற்றி ஐஜிஜி ஒரு வலை மாதிரி ஒளிரும். ஒரு தடவை பார்த்தவர் மறக்கமாட்டார்.

சீரம் தேவைப்படும் மருத்துவச் சோதனைகளில் புகழ்பெற்றது ஏஎன்ஏ, அதாவது உயிரணுக் கருவுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் சோதனை. லூபஸ் போன்ற நோய்களில் உடல் தன் உயிரணுக் கருவுக்கு எதிராகவே ஆன்டிபாடி செய்துவிடும். ஹெப்-2 என்ற மனித உயிரணுக்கள் பரப்பிய ஸ்லைடில் நோயாளியின் சீரம், அப்புறம் மனித ஐஜிஜியைப் பிடிக்கும் ஃபிட்சி கட்டிய ஆன்டிபாடி. கரு முழுக்க ஒரே சீராக ஒளிர்கிறதா, புள்ளி புள்ளியாகவா, கருவுக்குள் இரண்டு மூன்று திட்டுகளாகவா என்று கோலத்தையும் பார்ப்பார்கள்; கோலத்துக்கு ஏற்ப அடுத்த சோதனை மாறும். எந்த அளவு நீர்ப்பு வரை ஒளிர்கிறது என்பதும் முக்கியம். 1:40 நீர்ப்பில், அதாவது சீரத்தை நாற்பது மடங்கு நீர்த்த பிறகும், நலமாக இருப்பவர்களிலேயே பலருக்கு ஒளிரும். 1:160-இலும் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் ஒளிர்ந்ததாக 1997-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு காட்டியது. ஆகவே "ஏஎன்ஏ பாசிட்டிவ்" என்று அறிக்கையில் பார்த்ததும் கூகலில் தேடிப் பயந்துபோகும் உறவினர்களுக்கு நான் சொல்வது: நீர்ப்பு எண்ணைப் பாருங்கள், மிச்சத்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

எச் பிளஸ் எல்: சிக்கல் இங்கேதான்

இப்போது லேபிளின் நடுப்பகுதிக்கு வருவோம். எச் என்பது கனச் சங்கிலி, எல் என்பது இலேசுச் சங்கிலி. "ஆன்டி-ஹியூமன் ஐஜிஜி, எச் பிளஸ் எல்" என்றால் ஐஜிஜியின் இரண்டு சங்கிலிகளையும் பிடிக்கும் ஆன்டிபாடிகள் கலந்திருக்கின்றன என்று பொருள். இலேசுச் சங்கிலி ஐந்து வகுப்புக்கும் பொது என்று பார்த்தோமே? அப்படியானால் இந்தப் புட்டி ஐஜிஎம்மையும் பிடிக்கும், ஐஜிஏவையும் பிடிக்கும். லேபிளில் ஐஜிஜி என்று கொட்டை எழுத்தில் இருப்பதை நம்பி, ஒளிர்ந்ததெல்லாம் ஐஜிஜி என்று எழுதினால் தவறு.

இது வெறும் நூலறிவு இல்லை. டெங்கியில் இதன் விளைவு பெரிது. முதன்முறை டெங்கி வருபவருக்குக் காய்ச்சலின் ஐந்தாம் நாள் வாக்கில் ஐஜிஎம் தலைகாட்டும். ஐஜிஜி மெதுவாகப் பின்னால் வரும். முன்பே ஒரு தடவை வந்தவருக்கு, இரண்டாம் முறையில் ஐஜிஜி ஆரம்பத்திலேயே எகிறும். இரண்டாம் தொற்றில் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம் என்பதால், முதல் தொற்றா இரண்டாவதா என்ற கேள்வி ஆராய்ச்சியில் திரும்பத் திரும்ப வரும். ஆறாம் நாள் சீரம், அதில் ஐஜிஎம் மட்டும். அதன் மேல் எச் பிளஸ் எல் புட்டியை விட்டால் பளிச்சென்று ஒளிரும். "ஐஜிஜி இருக்கிறது, பழைய தொற்று" என்று எழுதிவிட்டால் ஆய்வின் முடிவே தலைகீழ்.

வகுப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் "காமா சங்கிலிக்கு மட்டும்" அல்லது "எஃப்சி பகுதிக்கு மட்டும்" என்று எழுதியிருக்கும் புட்டி வேண்டும். எஃப்சி என்பது கவட்டையின் அடித்தண்டு. ஐஜிஎம்முக்கு "மியூ சங்கிலிக்கு மட்டும்". எந்த வகுப்பானாலும் சரி, மனித ஆன்டிபாடி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றால் எச் பிளஸ் எல் தாராளமாகப் போதும். அதிக இடங்களைப் பிடிப்பதால் ஒளியும் கூடும். எது நல்ல புட்டி என்ற கேள்விக்குப் பதில், என்ன கேட்கப் போகிறோம் என்பதில்தான் இருக்கிறது.

ஐஜிஎம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. முடக்கு வாதம் உள்ளவர்களிடமும் வேறு சிலரிடமும் ருமட்டாய்டு ஃபேக்டர் என்ற ஆன்டிபாடி இருக்கும். பெரும்பாலும் அது ஐஜிஎம். அது பிடிப்பது சொந்த ஐஜிஜியின் தண்டை. ஸ்லைடில் பழைய டெங்கி ஐஜிஜி ஒட்டியிருக்க, அதன் மேல் இந்த ஐஜிஎம் வந்து ஒட்டினால், டெங்கிக்கு எதிரான ஐஜிஎம் இருப்பதுபோலவே ஒளிரும். அதனால் ஐஜிஎம் சோதனைக்கு முன் சீரத்திலிருந்து ஐஜிஜியை நீக்கிவிடுவது வழக்கம்.

கிருமிகளின் உறவுமுறை இன்னொரு தலைவலி. சிக்கா, டெங்கி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் ஒரே குடும்பம். ஆகஸ்ட் 2016-இல் சிங்கப்பூரில் சிக்கா உள்ளூரில் பரவத் தொடங்கியபோது, டெங்கி வந்துபோன ஊரில் சிக்கா ஆன்டிபாடியைத் தனியாகப் பிரித்தறிவது எளிதாக இல்லை. டெங்கி ஆன்டிபாடிகள் சில சிக்காக் கிருமியையும் பிடித்துவிடும். இதில் நம் புட்டியைக் குறை சொல்லி ஒன்றும் ஆகாது. அது சட்டையைத்தான் பார்த்தது, சரியாகவே பார்த்தது.

"கிராஸ்-அட்சார்ப்டு" என்ற சொல் வேறு கதை. விலங்குகளின் ஐஜிஜிகளுக்குள் ஒற்றுமை அதிகம். மனித ஐஜிஜிக்கு எதிரான ஆட்டு ஆன்டிபாடி எலியின் ஐஜிஜியையும் மாட்டின் ஐஜிஜியையும் கொஞ்சம் பிடிக்கும். உயிரணு வளர்க்கும் ஊடகத்தில் பெரும்பாலும் கன்றுக்குட்டிச் சீரம் இருப்பதால் இது அற்ப விஷயம் இல்லை. தயாரிப்பாளர் எலி, மாடு, முயல் இவற்றின் புரதங்கள் ஒட்டிய குழாய் வழியாக மறுபடி ஓடவிட்டு, அவற்றைப் பிடிப்பவற்றை நீக்கிவிடுவார். எதெது நீக்கப்பட்டது என்று லேபிளிலோ கூட வரும் தாளிலோ இருக்கும். எலி ஆன்டிபாடியையும் மனித ஆன்டிபாடியையும் ஒரே ஸ்லைடில் இரண்டு நிறத்தில் பார்ப்பவர் அந்த வரியைப் படிக்காமல் ஆர்டர் போடக்கூடாது.

"எஃப்ஏபி-டூ" என்று லேபிளில் இருந்தால், தண்டை வெட்டிவிட்டு இரண்டு கைகளை மட்டும் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். மோனோசைட், பி செல் போன்ற ரத்த அணுக்களின் மேற்பரப்பில் ஆன்டிபாடித் தண்டைப் பிடிக்கும் கொக்கிகள் உண்டு. முழு ஆட்டு ஆன்டிபாடியை விட்டால், இலக்கே இல்லாவிட்டாலும் தண்டு அந்தக் கொக்கியில் மாட்டிக்கொண்டு ஒளிரக்கூடும். தண்டு இல்லையென்றால் அந்தத் தொல்லை இல்லை. ரத்த அணுக்களை ஃப்ளோ சைட்டோமீட்டரில், அதாவது அணுக்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு ஒளியை அளக்கும் கருவியில், ஓட்டுபவர்கள் இதைத் தேடி வாங்குவது இதனால்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லாச் சீரச் சோதனைக்கும் இந்தப் புட்டி தேவை என்று நினைத்துவிடாதீர்கள். 2020-இல் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியில் பேராசிரியர் வாங் லின்ஃபாவின் குழு உருவாக்கிய சீபாஸ் சோதனை வேறு பாதையில் போனது. கொரோனாக் கிருமியின் புரதம் மனித உயிரணுவின் ஏஸ்-2 புரதத்தோடு சேர்வதைச் சீரம் தடுக்கிறதா என்று மட்டும் அது பார்க்கிறது. மனித-எதிர் ஆன்டிபாடியே வேண்டாம். வகுப்பும் பொருட்டில்லை, மனிதரா வௌவாலா என்பதும் பொருட்டில்லை. வௌவால் ஆராய்ச்சியாளர் ஒருவரிடமிருந்து அப்படி ஒரு சோதனை வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. வௌவால் ஐஜிஜிக்கு நல்ல புட்டி கிடைப்பது அவ்வளவு கஷ்டம்.

நிறம், வெளிச்சம், குளிர்

ஃபிட்சிக்கு இரண்டு பலவீனங்கள். தொடர்ந்து ஒளி பட்டால் சீக்கிரம் மங்கும். கரைசல் அமிலமானாலும் மங்கும். அதே பச்சையில் அதிக உறுதி வேண்டுபவர்கள் அலெக்சா ஃப்ளோர் 488 வாங்குகிறார்கள். 488 என்ற எண் சைட்டோமீட்டர்களில் இருக்கும் நீல லேசரின் அலைநீளம். செம்பாசியிலிருந்து எடுக்கும் பிஇ என்ற புரதச் சாயம் மிகப் பிரகாசமானது, சைட்டோமீட்டருக்கு ஏற்றது. நுண்ணோக்கியின் கீழே நிற்காது. எந்த நிறம் என்று முடிவெடுக்கும் முன் நம் கருவியில் எந்த லேசர், எந்த வடிகட்டி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் பணம் மிச்சம்.

புட்டியை இருட்டில், 4 டிகிரியில் வையுங்கள். அலுமினியத் தாள் அதற்குத்தான். உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைத்தால் ஆன்டிபாடி திரளும். திரண்டவை ஸ்லைடில் நட்சத்திரம் மாதிரி மின்னி ஏமாற்றும். எடுக்கும் முன் ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜில் வேகமாகச் சுழற்றி, திரண்டவை அடியில் தங்கியதும் மேலிருந்து எடுப்பது நல்ல பழக்கம். கெடாமலிருக்கச் சோடியம் அசைடு சேர்த்திருப்பார்கள். அது நஞ்சு, உயிருள்ள அணுக்களுக்கும் ஆகாது. மனிதச் சீரத்தைக் கையாளும்போது கையுறை கட்டாயம்; அதை ஆராய்ச்சிக்குப் பெறுவதற்கு சிங்கப்பூரில் 2015-ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டப்படி ஒப்புதல் முதலிய நடைமுறைகள் உண்டு. லேபிளில் உள்ள "ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற வரியும் அலங்காரத்துக்கு இல்லை. அந்தப் புட்டியை வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறது இல்லை என்று சொல்லக்கூடாது. நோயறிதலுக்கான பொருள்கள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஒழுங்குமுறைக்குள் தனியாக வருகின்றன.

பச்சையை நம்புவதற்கு முன்

ஒவ்வொரு முறையும் கூடவே சில ஸ்லைடுகள் வேண்டும். சீரம் விடாமல் புட்டி மட்டும் விட்ட ஸ்லைடு. அது இருட்டாக இருக்க வேண்டும். இருட்டாக இல்லையென்றால் மற்ற எதையும் பார்ப்பதில் பயனில்லை. ஆன்டிபாடி இல்லையென்று தெரிந்த சீரம் ஒன்று, இருக்கிறதென்று தெரிந்த சீரம் ஒன்று. டெங்கி உதாரணத்தில் கிருமி புகாத உயிரணுக்கள் மீது அதே நோயாளியின் சீரம். இதை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அந்த நோயாளிக்கு உயிரணுக் கருவுக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தால், கிருமியே இல்லாத இடத்திலும் ஒளிரும் என்பது இந்த ஸ்லைடில்தான் பிடிபடும்.

புதுப் புட்டி வந்தவுடன் செய்ய வேண்டியது, நீர்ப்பைத் தேர்ந்தெடுப்பது. தயாரிப்பாளர் 1:100 முதல் 1:1000 வரை என்று பொதுவாக ஏதாவது போட்டிருப்பார். அதை வழிகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1:50, 1:100, 1:200, 1:400, 1:800 என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆன்டிபாடி உள்ள சீரம், இல்லாத சீரம் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். அதிகப் பிரகாசமானதை எடுக்கத்தான் கை போகும். எடுக்க வேண்டியது, இருக்கும் ஸ்லைடுக்கும் இல்லாத ஸ்லைடுக்கும் வித்தியாசம் அதிகமாகத் தெரியும் நீர்ப்பை. அது பெரும்பாலும் நடுவில் எங்காவது இருக்கும். கிடைத்த எண்ணை லாட் எண்ணோடு, அதாவது தயாரிப்புத் தொகுதியின் எண்ணோடு, சேர்த்துப் புட்டியின் மூடியில் எழுதிவிடுங்கள். பாலிகுளோனல் என்பதால் அடுத்த லாட்டில் வேறு ஆடுகளின் ரத்தம் இருக்கும். அதற்கு இந்த வரிசையை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும்.